கார்பத்தைட்: பாதரசச் சுரங்கத்தில் ஒரு ஹைட்ரோகார்பன்

கனிமம் என்றதும் இரும்புத்தாது, ஜிப்சம், குவார்ட்ஸ் என்றுதான் நினைவு ஓடும். அந்தக் கூட்டத்தில் பெட்ரோலியத்தின் உறவுக்காரர் ஒருவரும் உண்டு, கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த ஹைட்ரோகார்பன்: கார்பத்தைட். இன்றைய உக்ரைனின் டிரான்ஸ்கார்பத்தியப் பகுதியில் கிடைத்த இதை 1955இல் முதலில் விவரித்தார்கள். கலிபோர்னியாவின் சான் பெனிட்டோ மாவட்டத்தில் கிடைத்ததற்கு 1967இல் பெண்டில்டனைட் என்று தனிப்பெயர் வைத்தார்கள். அப்புறம் பார்த்தால் இரண்டும் ஒன்றே.

அழகான மாதிரிகள் கலிபோர்னியாவுடையவைதான். குவார்ட்ஸ் மேல், பாதரசத் தாதுவான சிவப்புச் சாதிலிங்கத்தை ஒட்டி, வெளிர்மஞ்சள் ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். நகத்தாலேயே கீறிவிடலாம், மோஸ் அளவுகோலில் கடினத்தன்மை சுமார் 1.5தான். புற ஊதா விளக்கைக் காட்டினால் பளிச்சென்று நீலமாக ஒளிரும்.

ஊசி முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே மூலக்கூறு: கொரோனீன். ஒரு வளையத்தைச் சுற்றி ஆறு வளையங்கள் ஒட்டிய தட்டையான வட்டு அது. 24 கார்பன் அணுக்கள், விளிம்பில் 12 ஹைட்ரஜன் அணுக்கள். இந்த வட்டுகள் சற்றே சரிந்த அப்பளக் கட்டுபோல அடுக்கிக்கொண்டே போவதால் படிகம் ஒரே திசையில் நீளுகிறது. மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள பிடிப்பு வலுவற்றது, அதனால்தான் இவ்வளவு மென்மை. வட்டு முழுவதும் பரவியிருக்கும் எலக்ட்ரான்கள் புற ஊதாவை உள்வாங்கி, கொஞ்சத்தை வெப்பமாக இழந்து, மீதியை நீல ஒளியாக விடுகின்றன.

சரி, பாதரசச் சுரங்கத்தில் இதற்கு என்ன வேலை? வண்டலில் புதைந்த உயிரினக் கழிவு பூமியின் சூட்டில் வெந்து எண்ணெயாகிறது. நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் அந்தச் சூட்டில் அறுந்துபோக, கச்சிதமான கொரோனீன் தாக்குப்பிடிக்கிறது. பாதரசத்தைச் சுமந்து மேலேறும் வெந்நீர், பாறை விரிசல்கள் வழியே எண்ணெயையும் இழுத்து வருகிறது. ஆறும்போது எளிதில் கரையாத கொரோனீன் முந்திப் படிகமாகிறது. மற்றவை திரவத்தோடு போய்விடுகின்றன. கொரோனீன் வாகனப் புகையில்கூட உண்டு, ஆனால் நூறு சரக்கோடு கலந்து. இவ்வளவு சுத்தமாகப் பிரித்தெடுத்ததுதான் என் கண்ணில் பெரிய வித்தை.

பெட்ரோலிய ஆலைக்காரர்களைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள். கனமான எண்ணெயை ஹைட்ரஜன் சேர்த்து உடைக்கும்போது அங்கேயும் கொரோனீன் உருவாகி, குளிர்ந்த குழாய்களில் படிந்து அடைத்துக்கொள்கிறது.