கண்காட்சிக்கு முன்பே விண்ணப்பம்

வவுனியாத் தம்பி ஒருவர் இரவு பஸ்ஸில் வந்து விடிய ஐந்து மணிக்குப் புறக்கோட்டையில் இறங்கினார். கையில், உரப்பையில் சுற்றிய ஒரு சல்லடைத் தகடு. சின்ன வெங்காயத்தைப் பருமன் பார்த்துப் பிரிக்க அவரே வெல்டிங் அடித்துச் செய்த மெஷினின் ஒரு துண்டு அது. அந்த மெஷினை மற்றவர் நகலெடுக்காமல் காக்கும் ஆக்கவுரிமை, அதாவது பேட்டன், கேட்கத்தான் வந்தார். முதல் அலுவலகத்தில் 'சேர் மீட்டிங்'. அடுத்த அலுவலகத்தில் 'பிரதேச செயலகக் கடிதம் கொண்டு வாங்கோ'. அந்தக் கடிதத்தை எந்தப் படிவமும் கேட்கவில்லை.

நாட்டு வருமானத்தில் ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் இலங்கை செலவிடுவது 0.1 வீதத்தை ஒட்டிய தொகைதான். அதைக் கையாளும் பெரிய நிறுவனங்களும் பெரும்பாலும் கொழும்பில். நாட்டு உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்கு மேல் மாகாணத்தில், வடக்கின் பங்கோ ஐந்து வீதத்தை ஒட்டி. இதில் எது காரணம், எது விளைவு என்று பொருளியலாளர்கள் பேசட்டும். பஸ் காசு கொடுப்பது தம்பிதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்கும் இடம் மருதானைப் பக்கம், டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கம். கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். ஆண்டுக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டால் இடையிலேயே போய்விடும்.

அநேகம் பேர் விழும் குழி ஒன்று உண்டு. கண்டுபிடிப்பு உலகத்துக்கே புதிதாக இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்திய ஒரு வருடத்துக்குள் நீங்களே வெளிக்காட்டியிருந்தால் சட்டம் பொறுத்துக்கொள்ளும். அது தாண்டினால் உங்கள் மெஷினே உங்களுக்கு எதிர்ச்சாட்சி. தம்பி இரண்டு வருடத்துக்கு முன் கண்காட்சியில் வைத்துப் பரிசும் வாங்கியிருந்தார். அன்று மாலை போட்டவர் யாரும் இதைச் சொல்லவில்லை. வெளிநாட்டிலும் உரிமை கேட்கும் எண்ணம் இருந்தால் அந்த ஒரு வருடத்தையும் நம்ப வேண்டாம், பல நாடுகள் அதை ஏற்பதில்லை.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்த துண்டைக் காட்டி "எனக்குப் பேட்டன் இருக்கு" என்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது கடையின் பெயர் மட்டும்தான். வேலை செய்யும் கம்பனியின் மெஷினையும் தரவையும் வைத்து அதே துறையில் ஒன்றைக் கண்டுபிடித்தால், வேறு உடன்பாடு இல்லாதவரை உரிமை முதலாளிக்கு. உங்களுக்கு நியாயமான ஊதியம் கேட்கலாம். ஆகவே வேலை ஒப்பந்தத்தை முதலில் வாசியுங்கள்.

செலவுக்குக் காசில்லையென்றால், 1979இன் 53ஆம் இலக்கச் சட்டப்படி கண்டுபிடிப்பாளர்களுக்கென்றே ஓர் ஆணைக்குழு இருக்கிறது. உதவி கிடைக்குமா என்று காசு கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம், பதிலையும் தமிழில் கேட்கலாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தந்த உரிமை அது. கவுண்டரில் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பைல் அசையவில்லையா? மறுபடி பஸ் ஏறாதீர்கள். 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 'என் விண்ணப்பம் இப்போது யார் மேசையில்?' என்று கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் கதவைத் தாண்டாதீர்கள்.

தம்பியின் பழைய மெஷின் போனது போனதுதான். வெங்காயத் தாள் சிக்காமல் இருக்க இப்போது புதிதாக ஒரு சீப்பு பொருத்தியிருக்கிறாராம்.

"வீடியோ எடுத்துப் பேஸ்புக்கில போட்டிட்டீரோ?"

"இன்னும் இல்லை அண்ணை."