வெக்சிலாலஜி என்றால் கொடியியல்

கொடிகளின் வடிவம், நிறம், வரலாறு, பயன்படுத்தும் முறை எல்லாவற்றையும் ஆராயும் துறைக்கு வெக்சிலாலஜி என்று பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ பழைய கிரேக்கச் சொல் போலத் தோன்றும். ஆனால் அதற்கு வயது அதிகமில்லை. 1950-களின் கடைசியில் விட்னி ஸ்மித் என்ற அமெரிக்கர் கட்டிய சொல் அது. 1966-இல் கயானா நாடு ஏற்றுக்கொண்ட கொடியை வடிவமைத்தவரும் அவர்தான். ரோமானியக் குதிரைப்படையினர் ஈட்டியின் குறுக்குக் கம்பில் தொங்கவிட்ட சதுரத் துணிக்கு லத்தீனில் 'வெக்சில்லம்' என்று பெயர். அதோடு கிரேக்க 'லாஜி' என்ற விகுதியை ஒட்டவைத்தார். பாதி லத்தீன், பாதி கிரேக்கம்.

தமிழில் கொடியியல் என்று சொன்னால் போதும். உயிரியல், மொழியியல் என்பவற்றின் வழியில் வந்த சொல், ஒட்டுப்போட்ட அடையாளமே தெரியாது.

அடிச்சொல்லான 'கொடி'யில்தான் சுவை இருக்கிறது. 'கொடு' என்றால் பழந்தமிழில் வளைவு. வில்லுக்குக் கொடுமரம் என்று பெயர், வளைந்த வாள் கொடுவாள். வேலூர்ப் பக்கம் கோடையில் கூறுகட்டி விற்கும் கொடுக்காப்புளிகூட சுருண்டு வளைந்திருப்பதால்தான் அந்தப் பெயர் பெற்றது என்பார்கள். வளைந்து படரும் செடியும் கொடி, காற்றில் நெளியும் துணியும் கொடி. தாலிக்கொடி, தொப்புள்கொடி, துணி காயப்போடும் கொடி எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

ஒரு நகரத்துக்கு ஒரு கொடி என்ற எண்ணம் நம் பழைய இலக்கியத்தில் தெரியவில்லை. ஒரே நகரத்தில் பல கொடிகள் பறந்தன. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாருங்கள்: வழிபாட்டுக்குரிய கொடி, வாதுக்கு அழைக்கும் ஆசிரியர்களின் கொடி, துறைமுகத்தில் நாவாய்களின் பாய்மரக் கொடி, அப்புறம் கள் விற்கும் கடையின் கொடி. கடைசியில் சொன்னது இன்றைய விளம்பரப் பலகையின் வேலையைச் செய்திருக்கிறது.

பதாகை, துவசம் இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை. பதாகை இப்போது ஊர்வலத்தில் இருவர் பிடித்துச் செல்லும் எழுத்துத் துணிக்கும் பேனருக்கும் பெயராகிவிட்டது. அதைக் கொடிக்குப் பதிலாகப் போடுவது குழப்பம். வேலூர் உருதுக்காரர்களின் 'ஜண்டா' இந்தி, உருது வழி வந்தது. பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். கொடிமரமும் கொடிக்கம்பமும்கூட வேறு வேறு. முதலாவது கோயிலுக்கு உரியது, இரண்டாவது கட்சிக்கும் அலுவலகத்துக்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே மக்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

சரி, கொடியின் உறுப்புகளுக்கு என்ன பெயர்? இதற்கு வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று ஏறிய கொடியையே எடுத்துக்கொள்ளலாம். புதுத் தலைப்பாகை, தாடி எடுக்கவேண்டும், நெற்றிக்குறி கூடாது என்ற உத்தரவுகளால் கொதித்த சிப்பாய்கள், பொழுது விடியும் முன்பே எழுந்து கோட்டையைப் பிடித்தார்கள். கோட்டைக்குள் இருந்த அரண்மனையில்தான் திப்பு சுல்தானின் குடும்பத்தை ஆங்கிலேயர் வைத்திருந்தார்கள். மைசூர் அரசின் பழைய கொடி மேலே ஏறியது. சிவப்புத் துணியில் பச்சைப் புலிவரிகள், நடுவில் சூரியன் என்று அதை வர்ணிக்கிறார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து, அன்றே கோட்டையை மீட்டார். கொடி சில மணி நேரமே பறந்தது.

அதில் அந்தச் சிவப்புப் பரப்பை ஆங்கிலத்தில் 'ஃபீல்டு' என்பார்கள். அதை 'வயல்' என்று மொழிபெயர்த்தால் சிரிப்புத்தான் வரும், தளம் போதும். நடுவில் உள்ள சூரியனைப் போலத் தளத்தின் மேல் வரும் சின்னம் 'சார்ஜ்'. இதற்குப் புதிதாக எதுவும் ஆக்கவேண்டாம், பொறி என்ற சொல் தயாராக இருக்கிறது. சோழனுக்குப் புலிப்பொறி, சேரனுக்கு விற்பொறி. பொறித்தல் என்ற வினையும் அதன் கூடவே வருகிறது. கம்பத்தை ஒட்டிய பக்கம் 'ஹாய்ஸ்ட்', காற்றில் பறக்கும் பக்கம் 'ஃபிளை'. கம்பப்பக்கம், வீசுபக்கம் என்று நான் எழுதுவேன். கம்பத்தை ஒட்டிய மேல்மூலைக் கட்டம் 'கேன்டன்', அதற்கு மேல்மூலை. மைசூர்க் கொடியில் மேல்மூலைக்கு வேலை இல்லை, எல்லாமே நடுவில்.

நகரக் கொடி என்பதில் இந்தப் பெயர்கள் இன்னும் தெளிவாகும். சிகாகோவின் கொடி 1917-இல் வந்தது: வெள்ளைத் தளம், இரண்டு நீலப் பட்டைகள், நடுவில் பொறியாகச் சிவப்பு நட்சத்திரங்கள். முதலில் இரண்டு, 1933-இல் மூன்றாவது, 1939-இல் நான்காவது. எழுத்து ஒன்றுகூட இல்லை.

நம் மாநகராட்சிகள் பலவும் இலச்சினையோடு நின்றுவிடுகின்றன. இலச்சினை வேறு, கொடி வேறு. முன்னது தாளில் கிட்டத்தில் பார்ப்பது, அதனால் ஊர்ப்பெயரும் நுணுக்கமான படமும் அதில் இருக்கலாம். பின்னது தூரத்தில், காற்றில், சில நேரம் பின்பக்கத்திலிருந்தும் பார்ப்பது. வேலூருக்கு யாராவது ஒரு கொடி வரைய உட்கார்ந்தால், அகழியையும் மதிலையும் கோபுரத்தையும் சேர்த்து அடைத்து, கீழே ஊர்ப்பெயரும் எழுதத் தோன்றும். ஒரே பொறியை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது நல்லது.