நிகர மதிப்பு 250 கோடியைத் தொட்டால்: இண்ட் ஏஎஸ் கணக்குக்கு ஒரு கம்பெனி மாறுவது எப்படி?

பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத ஒரு நூற்பாலைக் கம்பெனி. 2025 மார்ச் 31 அன்று அதன் நிகர மதிப்பு முதல் முறையாக 250 கோடியைத் தாண்டி 252 கோடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தணிக்கை முடிந்து, செப்டம்பரில் ஆண்டுப் பொதுக்கூட்டமும் கணக்கை ஏற்றுக்கொண்டுவிட்டது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அப்புறம் ஆடிட்டர் சொல்கிறார்: 2025-26 கணக்கை இண்ட் ஏஎஸ் (இந்தியக் கணக்கியல் தரநிலை) முறையில்தான் போட வேண்டும், அதற்கான தொடக்க இருப்புநிலைக் குறிப்பு (பேலன்ஸ் ஷீட்) 2024 ஏப்ரல் 1-ம் தேதிக்குத் தயாராக வேண்டும்.

அதாவது, விதி தனக்குப் பொருந்தும் என்று கம்பெனிக்குத் தெரியவரும்போது, மாற்றம் தொடங்கும் தேதி போய் ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறது. இந்த மாற்றத்தில் வரும் சிரமங்களில் பாதி இந்த ஒரு விஷயத்தால் வருபவை. 200 கோடியைத் தாண்டும்போதே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது என்று நான் சொல்வதும் இதனால்தான்.

முதலில், விதி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். கம்பெனிகள் சட்டம் 2013-ன் 133-வது பிரிவின்படி கணக்கியல் தரநிலைகளை மத்திய அரசு அறிவிக்கிறது. அந்த அதிகாரத்தில் 2015 பிப்ரவரி 16 அன்று இந்தியக் கணக்கியல் தரநிலை விதிகள் வந்தன. உலகளவில் பல நாடுகள் பின்பற்றும் ஐஎஃப்ஆர்எஸ் என்ற சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகளைத் தழுவி, சில இடங்களில் நம் நாட்டுக்கு ஏற்ப மாற்றி எழுதியவைதான் இவை. 2011-லேயே நடைமுறைக்கு வருவதாக இருந்து தள்ளிப்போனது. 2014 ஜூலை பட்ஜெட் உரையில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி மறுபடியும் அறிவித்த பிறகுதான் காரியம் நடந்தது.

யார் யாருக்குப் பொருந்தும்? நிகர மதிப்பு 500 கோடியும் அதற்கு மேலும் உள்ள கம்பெனிகள் 2016 ஏப்ரல் 1 முதல் மாறின. பட்டியலிடப்பட்ட மற்ற கம்பெனிகளும், பட்டியலில் இல்லாவிட்டாலும் 250 கோடிக்குக் குறையாதவையும் 2017 ஏப்ரல் 1 முதல் மாறின. இதில் பட்டியலிடப்பட்டது என்றால் பங்கு மட்டும் இல்லை, கடன் பத்திரம் பட்டியலில் இருந்தாலும் கணக்கில் வரும். பட்டியலிடும் வேலை நடந்துகொண்டிருந்தாலும் வரும். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான எஸ்எம்இ சந்தையில் மட்டும் பட்டியலிட்டிருந்தால் அந்தக் காரணத்துக்காக மாற வேண்டியதில்லை. வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கு 2018, 2019 என்று தனி அட்டவணை. வங்கிகளுக்கு மட்டும் மறு அறிவிப்பு வரும்வரை வேண்டாம் என்று 2019 மார்ச்சில் ரிசர்வ் வங்கி ஒத்திவைத்தது.

பலர் கவனிக்காமல் விடுவது குழும விதி. ஒரு கம்பெனி இண்ட் ஏஎஸ்-க்குள் வந்தால் அதன் தாய்க் கம்பெனி, துணை நிறுவனம், கூட்டு நிறுவனம், இணை நிறுவனம் எல்லாமே உள்ளே வந்துவிடும். நூற்பாலை முதலாளி காற்றாலைக்காக 5 கோடி மூலதனத்தில் ஒரு துணைக் கம்பெனி வைத்திருந்தால் அதுவும் மாறியாக வேண்டும். அதன் சொந்த நிகர மதிப்பை யாரும் கேட்கமாட்டார்கள்.

நிகர மதிப்பு என்றால் என்ன என்பதைச் சட்டத்தின் 2(57) பிரிவு சொல்கிறது. செலுத்தப்பட்ட பங்கு மூலதனம், லாபத்திலிருந்து உருவான ஒதுக்குகள், பங்கு முனைமம் (பங்கின் முகமதிப்புக்கு மேல் வாங்கிய தொகை) ஆகியவற்றைக் கூட்டி, சேர்ந்த நட்டத்தையும் இன்னும் எழுதித் தள்ளாத செலவையும் கழிக்க வேண்டும். நிலத்தை மறுமதிப்பீடு செய்து ஏற்றிய தொகை இதில் சேராது. ஒருங்கிணைந்த கணக்கு வேண்டாம், தனிக் கணக்குதான் அளவுகோல்.

சரி, மாறுவது என்று ஆகிவிட்டது. முதல் வருடத்துக்கென்றே இண்ட் ஏஎஸ் 101 என்று ஒரு தரநிலை இருக்கிறது. நம் நூற்பாலை 2026 மார்ச் 31 கணக்கை வெளியிடும்போது மூன்று இருப்புநிலைக் குறிப்புகளைக் காட்ட வேண்டும்: 2024 ஏப்ரல் 1, 2025 மார்ச் 31, 2026 மார்ச் 31. பொதுக்கூட்டம் ஏற்றுக்கொண்ட 2024-25 கணக்கையும் புதிய முறையில் மறுபடி போட வேண்டும் என்பதால், ஒரே வருடத்துக்கு இரண்டு லாபத் தொகைகள் இருக்கும். பழைய கணக்கு தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. இரண்டுக்கும் இடையே என்ன வித்தியாசம், எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று ஒப்புநோக்கு அட்டவணை கொடுக்க வேண்டும். கடன் கொடுத்த வங்கி முதலில் புரட்டுவது அந்தப் பக்கமாகத்தான் இருக்கும்.

தொடக்க நாளில் வரும் வித்தியாசங்களில் பெரும்பாலானவை லாப நட்டக் கணக்குக்குப் போகாமல் நேராகத் தேங்கிய லாபத்தில் சரிக்கட்டப்படும். அவற்றால் பின்னால் கூடவோ குறையவோ போகும் வரியையும், அதாவது ஒத்திவைத்த வரியையும், கூடவே கணக்கிட வேண்டும்.

இங்கே ஒரு கறாரான தடை உண்டு. 2024 ஏப்ரல் 1-ம் தேதிக்குக் கணக்குப் போடுபவருக்கு அதன் பிறகு நடந்ததெல்லாம் தெரியும். நூல் வாங்கிய ஒரு வியாபாரி 2024 டிசம்பரில் கடையை மூடிவிட்டார் என்றால், அதைத் தெரிந்துகொண்டு ஏப்ரல் மாத மதிப்பீட்டைத் திருத்தக் கூடாது. பழைய கணக்கில் அன்றைக்குப் போட்ட மதிப்பீடு பிழையானது என்று தெளிவாகத் தெரிந்தால்தான் கைவைக்கலாம். வராக்கடனை எதிர்பார்ப்பு நட்ட முறைக்கு (எவ்வளவு வராமல் போகலாம் என்று முன்கூட்டியே கணிக்கும் முறை) மாற்றும்போதும், அன்றைய தேதியில் கிடைத்த தகவலை வைத்தே விகிதம் போட வேண்டும். நடைமுறையில் இது எளிதல்ல. பழைய வசூல் பட்டியல்களைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும்.

மறுபக்கம், சலுகைகளும் உண்டு. நிலம், கட்டடம், இயந்திரங்களை முதலிலிருந்து தோண்டிக் கணக்கிட வேண்டாம். பழைய ஏட்டு மதிப்பையே அடக்க விலையாக வைத்துக்கொள்ளலாம். ஐஎஃப்ஆர்எஸ்-ல் இல்லாத, இந்தியாவுக்கென்று சேர்த்த சலுகை இது. எடுத்தால் எல்லாச் சொத்துக்கும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். அல்லது விரும்பிய சொத்துக்கு மட்டும் அன்றைய நியாய மதிப்பைப் போடலாம். பழைய நிலத்தின் மதிப்பு ஏறினால் இருப்புநிலைக் குறிப்பு அழகாகத் தெரியும், ஆனால் அந்த ஏற்றத்திலிருந்து ஈவுத்தொகை கொடுக்க கம்பெனிகள் சட்டத்தின் 123-வது பிரிவு விடாது. இயந்திரத்தை ஏற்றினால் இனி வருடா வருடம் தேய்மானமும் கூடும். பெரும்பாலான கம்பெனிகளுக்குப் பழைய ஏட்டு மதிப்பே போதும் என்பது என் கருத்து.

நேரம் அதிகம் பிடிப்பது ஒப்பந்தங்களைப் படிப்பதில்தான். கிடங்குக்குக் கொடுத்த வாடகை முன்பணம் 10 லட்சம், வட்டி இல்லை, ஐந்து வருடம் கழித்துத் திரும்ப வரும் என்று எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் 10 லட்சம் என்று ஒரே வரி. இண்ட் ஏஎஸ்-ல் 10 சதவீத வட்டி வைத்துப் பார்த்தால் அதன் இன்றைய மதிப்பு சுமார் 6.21 லட்சம்தான். மீதி 3.79 லட்சம் கிடங்கைப் பயன்படுத்தும் உரிமைக்குக் கொடுத்த விலையாகிவிடும். முதல் வருடத்தில் சுமார் 62,000 ரூபாய் வட்டி வருமானம் காட்டுவார்கள். இன்னொரு பக்கம் அந்த 3.79 லட்சம் ஐந்து வருடத்தில் தேய்மானமாகக் கரையும். ஐந்து வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால் லாபத்தில் பைசா வித்தியாசம் இருக்காது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் போட்டாக வேண்டும். இப்படி ஐம்பது கிடங்குகள் இருந்தால் எக்செல் தாளை நம்பி இருக்க முடியாது.

வாடகைக்கும் அதேதான். இண்ட் ஏஎஸ் 116 வந்த 2019 ஏப்ரல் முதல், 12 மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை வாடகையைக் கடனாகவும் உரிமைச் சொத்தாகவும் இருப்புநிலைக் குறிப்பில் ஏற்ற வேண்டும். வங்கிக் கடனுக்குக் கட்டிய பரிசீலனைக் கட்டணத்தை ஒரே வருடத்தில் செலவெழுதாமல் கடன் காலம் முழுவதற்கும் பரப்ப வேண்டும்.

இவற்றையெல்லாம்விட முதலாளியைத் திடுக்கிட வைப்பது முன்னுரிமைப் பங்கு. நம் நூற்பாலையின் 252 கோடியில் 20 கோடி, திருப்பிக் கொடுக்க வேண்டிய 8 சதவீத முன்னுரிமைப் பங்கு மூலதனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டிய பணம் மூலதனம் ஆகாது, கடன்தான் என்பது இண்ட் ஏஎஸ் பார்வை. எனவே 20 கோடி கடன் பக்கம் போகும். வருடத்துக்குக் கொடுக்கும் 1.6 கோடி ஈவுத்தொகை வட்டிச் செலவாகும். சொந்த நிதி 232 கோடிக்கு இறங்கிவிடும். அப்படியானால் 250-க்குக் கீழே வந்துவிட்டோமே, வெளியே போகலாமா என்று கேட்பார்கள். முடியாது. ஒருமுறை உள்ளே வந்தவர், பின்னால் வரம்புக்குக் கீழே போனாலும் இண்ட் ஏஎஸ்-லேயே தொடர வேண்டும். தானாக விரும்பி மாறியவருக்கும் இதே கதிதான்.

ஆகவே தணிக்கை முடியும் முன்பே வங்கியிடம் பேசிவிடுங்கள். கடன் ஒப்பந்தத்தில் கடனுக்கும் சொந்த நிதிக்கும் இத்தனை மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று நிபந்தனை இருக்கும். குத்தகையும் முன்னுரிமைப் பங்கும் கடன் பக்கம் ஏறியதும், கம்பெனியின் நிலைமை கொஞ்சமும் மாறாமலே அந்த நிபந்தனை மீறப்பட்டதாகத் தெரியலாம். விகிதத்தைப் பழைய கணக்கு முறையில்தான் பார்ப்போம் என்று எழுத்தில் வாங்கிவைப்பது புத்திசாலித்தனம்.

வருமான வரியைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். வரிக்கான வருமானக் கணக்குக்குத் தனித் தரநிலைகள் இருக்கின்றன. ஏட்டு லாபத்தின் மேல் விழும் மேட் (குறைந்தபட்ச மாற்று வரி) தான் கவலைக்குரியது. மாற்றத்தால் வரும் தொகையை ஐந்து வருடத்துக்குச் சமமாகப் பிரித்துக்கொள்ள, 1961 வருமான வரிச் சட்டத்தின் 115ஜேபி பிரிவில் 2017-ல் வழி செய்தார்கள். 22 சதவீத வரி வழியைத் தேர்ந்தெடுத்த கம்பெனிகளுக்கு மேட்டே கிடையாது.

கணக்கு வடிவமும் மாறும்: கம்பெனிகள் சட்டத்தின் அட்டவணை மூன்றின் இரண்டாம் பகுதியில் உள்ள படிவத்தில் போட வேண்டும். தரநிலையைப் பின்பற்றாமல் விட்டால் அதே சட்டத்தின் 129-வது பிரிவின்படி நிர்வாக இயக்குநர், நிதிப் பொறுப்பாளர் ஆகியோருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படி யாரையும் பொறுப்பாக நியமிக்காத கம்பெனியில் எல்லா இயக்குநர்களும் பதில் சொல்ல வேண்டும்.