அருவுருவ ஓவியம்

என்ன வரைந்திருக்கிறார்கள் என்று பிடிபடாத படத்தையெல்லாம் ‘மாடர்ன் ஆர்ட்’ என்று சொல்லிவிடுகிறோம். அது பொருந்தாத பெயர். ஆளும் மரமும் பளிச்சென்று தெரிகிற நவீன ஓவியங்கள் ஏராளம். உருவம் பிடிபடாத வகைக்குப் பெயர் ‘அப்ஸ்ட்ராக்ட்’.

இலத்தீனில் ‘ட்ராஹெரே’ என்றால் இழுத்தல். முன்னால் ‘அப்ஸ்’ சேர்ந்தால், ஒன்றிலிருந்து இழுத்துப் பிரித்தெடுத்தல். வயலில் ஓடும் டிராக்டரும் இதே வேரில் பிறந்த சொல்தான்.

சீனத்தில் ‘சோவ்ஷியாங்’. ‘சோவ்’ என்றால் உருவியெடுத்தல், ‘ஷியாங்’ என்றால் உருவம். இந்த ‘ஷியாங்’ என்ற எழுத்துக்கு யானை என்றும் பொருள் உண்டு. எப்படி? கி.மு. 3ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் ஹான் ஃபெய் சொல்லும் விளக்கம் அழகானது. உயிருள்ள யானையைக் கண்டவர்கள் குறைவு. செத்த யானையின் எலும்பு கிடைத்தால், அதை வைத்து முழு யானையை மனத்தில் எழுப்பிப் பார்ப்பார்கள். அதனால்தான் மனத்தில் எண்ணிக் காண்பதற்கெல்லாம் ‘ஷியாங்’ என்று பெயர் வந்தது என்கிறார் அவர்.

தமிழில் ‘அரூப ஓவியம்’, ‘அருவ ஓவியம்’ என்று எழுதுகிறோம். இரண்டும் ‘உருவம் இல்லை’ என்று மறுப்பவை. கோடும் கட்டமுமாக வரைந்த டச்சு ஓவியர் மோந்த்ரியானுக்கு இது சரி. சீன ஓவியர் சாவ் வூ-கிக்குப் போதாது.

1920இல் பெய்ஜிங்கில் பிறந்து, ஹாங்சோவில் ஓவியம் படித்து, 1948இல் பாரிஸுக்குப் போனவர் சாவ். பிறகு சுவிட்சர்லாந்தில் பார்த்த ஓவியர் பால் கிளேயின் படங்கள் அவரை உலுக்கின. 1954இல் ‘காற்று’ என்றொரு படம் வரைந்தார். நெடிய திரைச்சீலை, அதில் எழுத்துப் போன்ற கீற்றுகள். பழஞ்சீனர் குறி கேட்க எலும்பிலும் ஆமையோட்டிலும் கீறிய எழுத்துகளின் சாயல் அவற்றில் உண்டு. ஆனால் படிக்க முடியாது. காற்றில் அலையும் இலைகளாகவும் அவற்றைப் பார்க்கலாம். ஹான் ஃபெய் சொன்ன எலும்பு போலத்தான் அந்தக் கீற்றுகள். மீதி யானையைப் பார்ப்பவர் எழுப்பிக்கொள்ள வேண்டும்.

பிற்காலப் படங்களில் எண்ணெய் வண்ணத்தை மெலிதாகக் கரைத்து மைபோல் படரவிட்டார். மலையா, மேகமா, அலையா என்று கண் தடுமாறும். தலைப்பிலும் பிடி கிடைக்காது. பலவற்றுக்கு வரைந்து முடித்த தேதியே தலைப்பு. கையெழுத்தைப் பாருங்கள்: ‘வூ-கி’ சீன எழுத்தில், ‘சாவ்’ ரோமன் எழுத்தில். ‘வூ-கி’ என்றால் எல்லையற்றது.

இதற்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. இறைவனின் திருமேனியை உருவம், அருவம், அருவுருவம் என்று மூன்றாகப் பிரித்தது சைவம். சிவலிங்கம் அருவுருவம்: முகமில்லை, கைகாலில்லை, ஆனாலும் கண்முன் நிற்கிறது. உருவம் கரைந்துகொண்டும் திரண்டுகொண்டும் இருக்கும் அந்த நடுநிலையைச் சொல்ல இத்தனை கச்சிதமான சொல் வேறு எனக்குத் தெரியவில்லை.

சீன மை ஓவியத்தில் ‘ஷியேயி’ என்றொரு மரபு. ‘ஷியே’ என்றால் எழுதுதல், ‘யி’ என்றால் உள்ளக் கருத்து. படத்தை ‘எழுதுவது’ நமக்கும் பழக்கமானதுதான். சித்திரம் எழுதுகிறோம், கண்ணுக்கு மை எழுதுகிறோம். ஆகவே மோந்த்ரியான் தீட்டியது அருவ ஓவியம், சாவ் வூ-கி எழுதியது அருவுருவ ஓவியம் என்று வேறுபடுத்தியே எழுதலாம்.