ஸ்கின்: தோலா, கோலமா?

அக்காள் மகன் கணினியில் சண்டை விமானம் ஓட்டுகிறவன். போன வாரம் வீட்டுக்கு வந்தவன், "மாமா, ஸ்கின்னுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டான். யோசிக்காமல் "தோல்" என்றேன். அவன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான், திரையில் ஒரு ஹரிக்கேன், இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் சண்டை விமானம். "அப்போ இதுக்கு நான் நேத்து ராத்திரி தோல் மாத்தினேன்னு சொல்லணுமா?" ஆட்டிறைச்சிக் கடை வாசலில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

முதலில் அவன் சொல்லும் ஸ்கின் என்ன என்று பார்ப்போம். ஐஎல்-2, வார் தண்டர், டிசிஎஸ் போன்ற கேம்களில் விமானத்தின் வடிவம் ஒரு கோப்பு, அதன்மேல் ஒட்டும் நிறமும் சின்னமும் வேறொரு கோப்பு. அந்த இரண்டாவது கோப்பைத் திறந்தால் சதுரமான ஒரு படம்தான் இருக்கும். இறக்கை ஒரு பக்கம், வால் ஒரு மூலை, உடம்பு இரண்டாகப் பிளந்து நடுவில் என்று எல்லாம் தட்டையாக விரிந்து கிடக்கும். அதில் பச்சையடித்துச் சேமித்தால் விமானம் பச்சையாகிவிடும். அவ்வளவுதான்.

ஆங்கிலச் சொல்லின் வேர் பழைய நார்ஸ் மொழியின் ஸ்கின், அதாவது விலங்கின் உடம்பிலிருந்து உரித்த தோல். வட ஐரோப்பியக் கடலோடிகள் இங்கிலாந்தில் குடியேறிய காலத்தில் ஆங்கிலத்துக்குள் வந்தது. 1990களில் கேம் பாத்திரங்களின் உடையை மாற்றுவதற்கும், வினாம்ப் மாதிரி பாட்டுக் கேட்கும் மென்பொருளின் முகப்பை மாற்றுவதற்கும் இதே சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். உரித்து விரித்த தோல் மாதிரிதான் அந்தச் சதுரப் படமும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பொருள் தெரியாமல் வைத்த பெயர் இல்லை.

ஆனாலும் தமிழில் தோல் என்று வைத்தால் இடிக்கும், ஏனென்றால் விமானத்துக்கு ஏற்கெனவே தோல் இருக்கிறது. எலும்புக்கூட்டை மூடியிருக்கும் தகடுதான் அது, விமானப் பொறியாளர்களும் அதைத்தான் ஸ்கின் என்கிறார்கள். (பழந்தமிழில் தோல் என்றால் கேடயம் என்றும் பொருள் உண்டு, தகட்டுக்கு நன்றாகவே பொருந்தும்.) ஹரிக்கேனுக்கு முன்பாதி உடம்பில் தகடு, பின்பாதியில் மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய லினன் துணி. இது தெரியாமல் நம் பையன் விமானி இருக்கைக்குப் பின்னாலும் பெயிண்ட் உரிந்து வெள்ளித் தகரம் பளபளக்கிற மாதிரி கீறல் கீறலாக வரைந்து வைத்திருந்தான். அங்கே தகரமே கிடையாதடா என்று சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. தோல் வேறு, அதன்மேல் பூசியது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

டிசிஎஸ்-இல் இதையே லிவரி என்கிறார்கள். அது பிரெஞ்சு வழி வந்த சொல், பிரபு தன் வேலையாட்களுக்கு எடுத்துக் கொடுத்த துணிமணி என்று பொருள். அந்தக் காலத்துத் தோட்டத்தில் ஜாகாவுக்கு, அதாவது காவல்காரருக்கு, நிர்வாகம் கொடுத்த காக்கிச் சட்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். விமான நிறுவனங்களின் விமானங்களுக்கு அது சரி, சீருடை என்றே சொல்லிவிடலாம்.

கேமஃபிளாஜுக்கு உருமறைப்பு என்ற அருமையான சொல் இருக்கிறது, அதை விடக்கூடாது. ஆனால் அது பாதிக் கதைதான், ஏனென்றால் போர் விமானத்தில் பூசியதெல்லாம் மறைவதற்காக மட்டும் இல்லை. 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்கியபோது அவற்றின் விமானங்களின் இறக்கையிலும் உடம்பிலும் வெள்ளை மூன்று, கறுப்பு இரண்டு என்று பட்டை பட்டையாக அடித்தார்கள். சொந்தப் படையே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. அது மறைப்பு இல்லை, பார், பார் என்று கத்துவது.

ஆகவே என் தீர்ப்பு கோலம். வாசலில் மாவால் போடுவது மட்டும் கோலம் இல்லை. அழகு, நிறம், உருவம், ஒப்பனை எல்லாம் அகராதியில் அந்தச் சொல்லின்கீழ் வரும். மணக்கோலம் என்கிறோம், போர்க்கோலம் பூண்டான் என்கிறோம். மணக்கோலம் கல்யாணத்தன்றைக்குத்தான், மறுவாரம் சந்தைக்கு அப்படிப் போகமாட்டார்கள். விமானத்தின் கோலமும் அப்படியே. நாளும் இடமும் படையும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும்.

அந்த ஹரிக்கேனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1940-இன் தொடக்கத்தில் பிரிட்டனில் இருந்திருந்தால் அடிவயிறு பாதி கறுப்பு, பாதி வெள்ளை. ஜூனுக்கு அப்புறம் ஸ்கை என்ற நிறம். பெயரைக் கேட்டு நீலத்தை ஊற்றினான் பையன், ஆனால் அது வெளிறிய பச்சை கலந்த நிறம். சந்தையில் உப்பு வாத்து முட்டை வாங்குவோமே, ஏறக்குறைய அதன் ஓடு. மேலே கரும்பச்சையும் மண்பழுப்பும். 1941 ஆகஸ்டில் மண்பழுப்பு போய்ச் சாம்பல் வந்தது. ஒரே விமானம், ஒன்றரை ஆண்டில் மூன்று கோலம்.

நம் ஊர்க் கதையும் இதில் உண்டு. மலேசியாவின் கெடாவில் இருக்கும் நம் சுங்கை பட்டாணியைச் சுற்றி ரப்பர் தோட்டங்களாக இருந்த காலத்தில் இங்கே பிரிட்டிஷ் விமானத் தளம் இருந்தது. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர் குண்டு போட்டபோது ஆஸ்திரேலியர்களின் 21-ஆம் படைப்பிரிவு பஃபலோ என்ற சண்டை விமானங்களோடு இங்கேதான் நின்றது. அந்த பஃபலோவின் வட்டச் சின்னத்தில் நடுவில் சிவப்பு இருந்தது. அப்புறம்தான் ஜப்பானின் சிவப்பு வட்டத்தோடு குழம்பிவிடும் என்று ஆசியாவில் அந்தச் சிவப்பை எடுத்தார்கள். அமெரிக்கர்களும் 1942 மே மாதம் தங்கள் நட்சத்திரத்தின் நடுவில் இருந்த சிவப்பை அழித்தார்கள். ஆக, சிவப்பில்லாத சின்னத்தோடு ஒரு பஃபலோவை மலாயா 1941 என்று பெயர் போட்டு வைத்தால் அது கோலம் இல்லை, வேஷம்.

இந்த இரண்டு சொல்லையும் பிரித்துவைத்தால் வேலை சுலபம் என்பது என் எண்ணம். ஆதாரத்தோடு செய்தது கோலம். சிறுத்தைப் புள்ளி, ஜப்பானிய கார்ட்டூன் பெண், ஊதா நிற ஸ்பிட்ஃபயர் எல்லாம் வேஷம். வேஷத்தைக் குறை சொல்லவில்லை, திருவிழாவில் வேஷம் கட்டுவதும் ஒரு மகிழ்ச்சிதானே. வரலாறு என்று சொல்லி வேஷத்தை விற்காமல் இருந்தால் போதும். வார் தண்டரிலேயே வரலாற்றுப்படியானது, கற்பனையானது என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஜெர்மன் விமானத்தின் வாலில் ஸ்வஸ்திகாவைப் பல கேம்கள் போடுவதில்லை. அது ஜெர்மானியச் சட்டத்தால் வந்த குறை, வரைந்தவனின் அறியாமை இல்லை.

ஆதாரம் என்றதும் பழைய புகைப்படத்தைக் காட்டுவார்கள், அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அந்தக் காலத்துச் சில கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது. மஞ்சளும் சிவப்பும் ஏறக்குறையக் கறுப்பாக விழும், நீலம் வெளிறிப்போகும். ஹரிக்கேனின் வட்டச் சின்னத்தைச் சுற்றி இருக்கும் மஞ்சள் வளையம் படத்தில் கறுப்பாகத் தெரிய, நம் பையன் கறுப்பு வளையமே போட்டிருந்தான். அலங்கோலம் என்ற சொல்லுக்கும் அன்றைக்கு வேலை வந்தது.

கடைசியாக ஒன்று கேட்டேன், விமானத்தின் எண் என்ன என்று. அந்த ஆண்டுகளில் பச்சையும் பழுப்பும் வளைந்து போகும் வடிவம் இரண்டு வகை. இரட்டைப்படை எண்ணுக்கு ஒன்று, ஒற்றைப்படைக்கு அதையே கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பிப் போட்டது. இவன் வரைந்திருந்தது இரட்டைப்படைக்கு உரிய வடிவம். உடம்பில் எழுதியிருந்த எண்ணோ 7-இல் முடிந்தது. ஒன்றும் பேசாமல் மடிக்கணினியை மூடிவிட்டு, "அம்மாச்சி, பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குள் போய்விட்டான்.