மறையாக்கம்: சொல் விளக்கம்

உரிய திறவியை (ஆங்கிலத்தில் கீ) வைத்திருப்பவர் மட்டுமே மீட்டுப் படிக்கும்படி, ஒரு செய்தியைக் கணித விதியின் வழியே உருமாற்றுவது மறையாக்கம். ஆங்கிலத்தில் இதைக் குறிக்கும் என்கிரிப்ஷன், இத்துறையின் பெயரான கிரிப்டோகிராஃபி ஆகிய இரண்டுக்கும் ‘மறைந்த’ என்னும் பொருளுடைய கிரிப்டோஸ் என்ற கிரேக்கச் சொல்லே வேர். தமிழில் மறை என்றதும் இன்று வேதமே நினைவுக்கு வந்தாலும், ஒளிப்பு என்ற பொருளும் பழமையானதே. ‘என் காமம் மறையிறந்து மன்று படும்’ (குறள் 1254) என்னும் இடத்தில், ஒளித்து வைத்தது ஊரறிய வெளிப்பட்டுவிடும் என்பதே கருத்து. ஆகவே மறையாக்கம், மறைநீக்கம், மறையாக்கவியல் எனச் சொற்கள் வலிந்து புனையாமலே அமைகின்றன.

இங்கே சைபர் என்ற சொல்லையும் தெளிவுபடுத்த வேண்டும். பூச்சியத்தைச் சைபர் என்று நம் பெரியவர்கள் சொன்னது, சூன்யம் என்பதற்கு நேராக அரபியர் வழங்கிய ஸிஃப்ர் ஐரோப்பிய மொழிகள் வழியே திரும்பி வந்த வடிவம். எண்குறி என்றும் பின்னர் இரகசிய எழுத்து என்றும் பொருள் விரிந்தது இச்சொல்தான். சைபர் குற்றம் என்பதில் உள்ள சைபர், சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஒட்டி அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் 1948இல் தம் துறைக்கு இட்ட சைபர்நெட்டிக்ஸ் என்ற பெயரிலிருந்து பிறந்தது. இரண்டுக்கும் உறவில்லை.

என்கிரிப்ஷனுக்குக் குறியாக்கம் என்ற சொல்லும் பரவலாக வழங்குகிறது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் என்கோடிங்கையும் அதே சொல்லால் குறிப்பதால், இதைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் துணிபு. ஒருங்குறியில் (யூனிகோட்) ‘அ’ என்ற எழுத்தின் எண் 2949. அட்டவணையைப் பார்க்கும் எவரும் அதை அறியலாம், அங்கே மறைப்பதற்கு எதுவும் இல்லை. மறையாக்கத்திலோ முறை முழுவதும் ஊருக்குத் தெரிந்திருக்கலாம். திறவி மட்டும் தெரியக்கூடாது. 1883இல் டச்சு மொழியியலாளர் கெர்க்காஃப்ஸ் வகுத்த இந்நெறியே இன்றைய இணையப் பாதுகாப்புக்கும் அடித்தளம்.

இவ்வேறுபாட்டை மாணவருக்கு அறிவுரையாகச் சொல்வதைவிடக் கணக்காகப் போட்டுக் காட்டுவது மேல். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. என்னும் மறையாக்க முறைக்கு, தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடத்தில் வரும் பகா எண்களும் மட்டு எண்கணிதமுமே (வகுத்த மீதியைக் கொண்டு கணக்கிடுவது) நுழைவாயில். 3, 11 என்ற இரு பகா எண்களைப் பெருக்கினால் 33. ஒவ்வொன்றிலும் 1ஐக் கழித்துப் பெருக்கினால் 20. 33உடன் சேர்த்து எவருக்கும் தெரிவிக்கும் பொதுத் திறவியாக 3ஐக் கொண்டால், 3 × 7 = 21 என்பதை 20ஆல் வகுக்க மீதி 1 வருவதால், பெறுபவர் மட்டுமே வைத்திருக்கும் தனித் திறவி 7 ஆகிறது. அனுப்ப வேண்டிய எண் 4 எனில், அதன் மும்மடி 64. 33ஆல் வகுத்தால் மீதி 31. வழியில் எட்டிப் பார்ப்பவருக்கு இந்த 31 மட்டுமே கிடைக்கும். பெறுபவர் 31ஐ ஏழாம் அடுக்குக்கு உயர்த்தி 33ஆல் வகுத்தால் மீதி 4 திரும்பி வருகிறது. (33ஐப் பொறுத்து 31ம் −2ம் ஒன்றே என்பதைக் கண்டுகொண்ட மாணவர், பெரும் பெருக்கல் இல்லாமலே விடையை எட்டிவிடுவார்.)

33ஐக் காரணிப்படுத்தினால் தனித் திறவி தெரிந்துவிடும், அதற்கு ஒரு நொடி போதும் என்று வகுப்பில் யாரேனும் சொன்னால், பாடம் அங்கேதான் சூடு பிடிக்கிறது. 250 இலக்க எண்ணொன்றை 2020இல் காரணிப்படுத்தவே பல கணினிகள் சேர்ந்து உழைக்க வேண்டியிருந்தது. நடைமுறையில் பரவலாக உள்ள 2048 பிட் திறவியோ 617 இலக்கம் கொண்டது. இந்தக் கணக்கை உடைப்பது கடினம் என்பதால்தான் மோசடிக்காரர் கணக்கோடு மோதுவதில்லை. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. எண்ணை நம் வாயாலேயே கேட்டு வாங்குகிறார்.

சில உலாவிகளின் முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுச் சின்னத்தையும் இதே தெளிவோடு படிக்க வேண்டும். நமக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே செல்லும் தரவு மறையாக்கம் செய்யப்படுகிறது என்பதையே அது சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் நாணயமானவர் என்று அது சொல்வதில்லை. போலித் தளமும் அதே பூட்டைப் பெற முடியும். அங்கே நாம் தட்டச்சு செய்யும் கடவுச்சொல், வழியில் எவர் கண்ணிலும் படாமல் நேரே திருடனிடம் போய்ச் சேரும்.