இந்த நோய் நம்ம ஊரிலும் வரும்

குடியாத்தம் பக்கத்தில் பீடி சுற்றும் பெண் அவர், வயது முப்பதைத் தாண்டவில்லை. கை பலவீனத்துக்குப் பயிற்சி கேட்டு வந்தபோது பழைய சீட்டுகள் மூன்றைக் காட்டினார். ஒரு கண் மங்கியதற்குக் கண்ணாடி. கை மரத்ததற்குக் கழுத்து எலும்புத் தேய்மானம். அசதிக்கு இரும்புச்சத்து மாத்திரை. வெவ்வேறு வருடங்களில் வந்த தொந்தரவுகள், ஒவ்வொன்றும் சில வாரங்களில் தானாகவே அடங்கியிருந்தன. பிசியோதெரபிஸ்டான எனக்கு அதுதான் உறுத்தியது. நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். எம்.ஆர்.ஐ.யில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்று தெரிந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையை அரிக்கும் நோய்.

"இது வெள்ளைக்காரங்களுக்கு வர்றதுதானே சார்?" என்றார் அவருடைய அண்ணன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த எண்ணம் மருத்துவர்களிடமும் உண்டு. அமெரிக்காவிலும் கறுப்பினத்தவருக்கு இது அரிது என்றுதான் நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். தெற்கு கலிபோர்னியாவில் லட்சக்கணக்கானோரின் மருத்துவப் பதிவுகளை அலசி 2013இல் வெளியான ஆய்வில், வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கே புதிதாக எம்.எஸ். அதிகம் வருவது தெரிந்தது. அவர்களுக்கு நடை தளர்வதும் பெரும்பாலும் சீக்கிரம். ஆனால் மருந்துச் சோதனைகளில் அவர்கள் மிகக் குறைவாகவே சேர்க்கப்பட்டார்கள். அதே ஆய்வில் ஆசியர்களுக்கு எண்ணிக்கை குறைவுதான். அதனால் நம் பெண்களிடம் சந்தேகமே படாமல் இருந்துவிடலாமா?

சந்தேகப்பட்டாலும் அவசரப்படக் கூடாது. நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா, சுருக்கமாக என்.எம்.ஓ., என்ற நோயும் இதே போலக் கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும். 2004இல் கண்டறியப்பட்ட ஓர் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடினால் பெரும்பாலானவர்களிடம் பிரித்தறியலாம். பிரிக்காமல் எம்.எஸ்.ஸுக்கான இன்டர்ஃபெரான் மருந்தைக் கொடுத்தால் என்.எம்.ஓ. மோசமாகலாம்.

அப்புறம் நம்ம வேலூர் வெயில். உடல் சூடேறினால் பழுதான நரம்பில் செய்தி தடுமாறும், பார்வை மங்கும், கால் தள்ளாடும். உடல் குளிர்ந்ததும் சரியாகிவிடும். வீட்டில் இதைச் சோம்பல் என்று ஏசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் வலிக்கிறது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்த நோய்க்கும் இடம் உண்டு. பாதிப்பு குறைந்தது 40 சதவீதம் என்று சான்று கிடைத்தால் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

அந்தப் பெண் இப்போது மருந்தில் இருக்கிறார். பயிற்சியை விடியற்காலையில் முடித்துவிடுகிறார். அக்னி நட்சத்திரத்தில் மட்டும் ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பீடித்தட்டின் முன் உட்காருகிறார்.